பச்சை வாரம்

1

இன்று காலை என் கைத்தொலைபேசி எனக்கு வாழ்த்துச் சொன்னது. ஒஸ்லோவின் புறநகரில் பேருந்து கழுவும் கொட்டகைக்குள் ரப்பர் காலணியோடு நின்றேன். காற்சட்டைப் பக்கெட்டுக்குள் இருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்துப் பார்த்தேன். "சென்ற வருடம் இதே வாரம்தான் உங்களுடைய மிகச் சிறந்த வாரம். எல்லா நாளும் பச்சை. பெருமைப்படுங்கள்." கீழே காகிதப் பூக்கள் உதிர்வதுபோல் ஒரு படம்.

அந்தப் பச்சை வாரத்தில்தான் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெரிய தெருவில், பட்டப்பகலில், என் மகளை நான் முகத்தில் குத்தினேன். கீழே விழுந்தவளின் தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். பிறகு அங்கே நின்ற சனம் என்னை அடித்தது.

ஊரில் இதைப் பல விதமாகக் கதைக்கிறார்களாம். அதனால் நடந்ததை நானே எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

எனக்குச் சீனி வருத்தம் வந்து நெடுங்காலம். முதலில் குளிசை, பிறகு இன்சுலின். நான் பேருந்துச் சாரதி. ஊசி போடுகிறவர்களுக்குப் பெரிய வாகன அனுமதிப்பத்திரத்தை இந்த நாட்டில் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். ஒவ்வொரு வருடமும் வைத்தியரிடம் போக வேண்டும். சீனி திடீரென்று இறங்கி, இன்னொருவர் உதவிக்கு வரும்படி ஏதாவது நடந்ததா என்று கேட்பார். இல்லை என்று சொல்லக்கூடியவருக்குத்தான் வேலை.

வேலை போய்விடுமோ என்று நான் பயந்ததைப் பார்த்துத்தான் என் மகள் மெலனி அந்தச் செயலியை என் போனில் ஏற்றிவிட்டாள். சாப்பாட்டுக் கோப்பையைப் படம் எடுத்தால் போதும், அதன் கிளைசமிக் லோட் எவ்வளவு என்று அது சொல்லும். தமிழில் நான் அதைச் சீனிச்சுமை என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். ஒரு சாப்பாடு எவ்வளவு வேகமாகச் சீனியை ஏற்றும் என்பது மட்டுமல்ல, நாம் அதில் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்கிற கணக்கு. குறைவென்றால் பச்சை, நடுத்தரமென்றால் மஞ்சள், கூடினால் சிவப்பு. சிவப்பைக் கண்டால் பிரேக்கில் கால் வைத்தே பழகியவன் நான்.

முதலில் அதற்கு எங்கள் சாப்பாடு ஒன்றும் விளங்கவில்லை. இடியப்பத்தை நூடுல்ஸ் என்றது. பிட்டைப் பார்த்து மரத்தூள் என்பதுபோல ஏதோ பதில் சொன்னது. சொதியைச் சூப் என்றது. மெலனி பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகத் திருத்தினாள். அவளுக்குத் தமிழ்ச் சொற்கள் குறைவு. ஆனால் எங்கள் சாப்பாட்டுப் பெயர்கள் எல்லாம் அப்போது அவள் வாயில் வந்தன. அந்தச் சில கிழமைகள் நாங்கள் இருவரும் நிறையக் கதைத்தோம். அதற்கு முன் பல வருடமாக அவள் நோர்வேஜிய மொழியில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன், இரண்டு பேரும் பாதியில் விட்டுவிடுவோம்.

என் மனைவி சாந்திக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "சோத்தையும் படம் எடுத்துத்தான் தின்னோணுமே? கறி ஆறுது" என்பாள். நான் தராசில் சோற்றை நிறுத்துக்கொண்டிருப்பேன்.

2

கொழும்பு கொட்டாஞ்சேனையில், நான் வளர்ந்த வீட்டு மேசையில் யாரும் எதையும் நிறுத்ததில்லை. பப்பா போடச் சொன்ன அளவு போட வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் கோப்பை பறக்கும்.

பப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். கொச்சிக்கடையிலிருந்து நடந்து வருவார். ஒழுங்கை முனையில் அவருடைய இருமல் கேட்டாலே நானும் தங்கச்சி ரெஜினாவும் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் போய் இருந்துவிடுவோம். அவர் குடித்துவிட்டு அடித்தார் என்று சொன்னால் அது பொய். பப்பா குடிக்கவே மாட்டார். நல்ல நினைவோடு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இடுப்புப் பட்டியை உருவி, அடிப்பார். அம்மாவின் முன்பல் ஒன்று சோற்றுக் கோப்பையின் விளிம்பு பட்டு உடைந்தது. மீன்குழம்பில் புளி கூடிவிட்டதாம்.

எங்கள் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒன்றுதான். அவர்கள் றேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார்கள். அடி முடிந்ததும் குறைப்பார்கள்.

நோர்வேக்கு வந்த புதிதில் எங்கள் ஆட்கள் கூடினால் ஒரே கதைதான்: பிள்ளையில் கை வைத்தால் அரசாங்கம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடும். எல்லோரும் அதைக் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அதைக் கேட்க நிம்மதியாக இருந்தது. மெலனி பிறந்து சென்ற வருடம் வரை ஒரு தடவைகூட நான் அவளை அடித்ததில்லை. என் வாழ்க்கையில் நான் சாதித்தது என்ன என்று யாராவது கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

3

பப்பா இறந்த முதலாம் ஆண்டுப் பூசைக்குத்தான் கொழும்புக்குப் போனோம். சாந்திக்கு லீவு கிடைக்கவில்லை. மெலனி தானாகவே வருகிறேன் என்றாள். இருபத்தொரு வயதுப் பிள்ளை தகப்பனோடு வருகிறேன் என்று சொன்னது எனக்குப் பெரிய சந்தோசம்.

கொட்டாஞ்சேனைக் கோயிலில் காலைப் பூசை. குருவானவர் பப்பாவை உழைப்பாளி, விசுவாசி, குடும்பத்தைக் கட்டிக்காத்தவர் என்றார். ரெஜினா குனிந்தபடி இருந்தாள். அவள் அழுகிறாளா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. பூசை முடிந்து வெள்ளவத்தையில் அவளுடைய பிளாட்டுக்கு வந்தோம். கடற்பக்க ஒழுங்கை, நான்காம் மாடி.

மத்தியானம் ரெஜினா பெரிதாகச் சமைத்திருந்தாள். சோறு, அறக்குளா மீன் குழம்பு, பருப்பு, கங்குன் கீரை, உருளைக்கிழங்குப் பிரட்டல், பப்படம். வாசம் அறைக்குள் வந்தது. இன்றைக்கு ஒருநாள் வயிறாரச் சாப்பிடுவோம் என்று நினைத்து, அந்தச் சோற்றுக்கு ஏற்றபடி ஊசியைக் கூட்டிப் போட்டேன். பிறகு மேசைக்கு வந்து, பழக்கத்தில் கோப்பையைப் படம் எடுத்தேன்.

சிவப்பு.

அந்த வாரம் முழுக்க நான் பச்சையிலேயே இருந்தேன். கொழும்பில் நின்றுகொண்டு, கொத்துரொட்டிக் கடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, பச்சையில் இருந்தேன். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. சோற்றையும் கிழங்கையும் வழித்து வேறு கோப்பையில் போட்டேன். மீனும் கங்குனும் கொஞ்சப் பருப்பும்தான் மிச்சம். திரும்பப் படம் எடுத்தேன். பச்சை.

"என்ன அண்ணா, பப்பாட நாளைக்குக்கூடச் சோறு சாப்பிட மாட்டீங்களா?" என்றாள் ரெஜினா.

மெலனிதான் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, ஊசி போட்டாச்சா?"

"அதெல்லாம் நான் பார்த்துக்கொள்வன். நீ சாப்பிடு."

செயலியில் பிழையில்லை. கோப்பையில் இருந்ததை அது சரியாகத்தான் சொன்னது. உடம்புக்குள் ஏற்கெனவே போய்விட்ட ஊசியைப் பற்றி நான் அதற்குச் சொல்லவில்லை. அது கேட்கவும் இல்லை.

4

இனிச் சொல்வதில் பெரும்பகுதி எனக்கு நினைவில்லை. மெலனி சொன்னது, கடைக்காரர் சொன்னது, பொலிஸில் எழுதப்பட்டது.

சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மெலனிக்குத் தோடு வாங்க இருவரும் காலி வீதிக்கு இறங்கினோம். நல்ல வெயில். கடை கடையாக ஏறி இறங்கினோம். எனக்குச் சட்டை நனைந்திருந்தது. கொழும்பு வெயிலென்று நினைத்தேன். ஒரு கடையில் விலையைக் கேட்டு நான் பெரிய சத்தமாகக் கத்தியது நினைவிருக்கிறது. கடையில் நின்ற பெண் சொன்ன தொகை எனக்கு விளங்கவில்லை. அவள் என்னை ஏமாற்றுகிறாள் என்று உறுதியாக நம்பினேன். கடைசியாக நினைவில் இருப்பது அவளுடைய நெற்றிப்பொட்டு.

வெளியே வந்ததும் நான் நேராக நடக்கவில்லையாம். மெலனி என் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். நடுக்கம். சீனி இறங்கிவிட்டது என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. பக்கத்துப் பெட்டிக்கடைக்கு ஓடிப்போய் ஒரு சோடா வாங்கி, மூடியைத் திறந்து, என் வாயில் வைத்தாள்.

"குடியுங்க அப்பா. கொஞ்சம் குடியுங்க."

"சிவப்பு" என்றேனாம். "அது சிவப்பு. எடு."

அவள் விடவில்லை. ஒரு கையால் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் போத்தலை வாயில் அழுத்தினாள். நான் அவளைக் குத்தினேன். அறை இல்லை, குத்து. கன்னத்து எலும்பில் விழுந்தது. அவள் சேலைக்கடைப் படியில் முதுகு அடிபட விழுந்தாள். போத்தல் உடைந்தது. நான் குனிந்து அவளுடைய மயிரை இரண்டு கையாலும் பிடித்து நடைபாதையில் இழுத்தேன். என்ன சொல்லிக்கொண்டு இழுத்தேன் என்று மெலனியிடம் பலமுறை கேட்டுவிட்டேன். எனக்கு விளங்கவில்லை அப்பா என்கிறாள். எந்த மொழி என்று கேட்டேன். அதுவும் தெரியாது என்கிறாள்.

வெள்ளவத்தைச் சனம் என்ன பார்த்தது? வயதான, வேர்த்து ஒழுகுகிற, தள்ளாடுகிற ஒருவன், ஒரு இளம்பெண்ணைத் தெருவில் போட்டு இழுக்கிறான். "பீலா" என்று யாரோ சிங்களத்தில் சொன்னார்கள். குடித்திருக்கிறான். த்ரீவீல் சாரதிகள் இறங்கி வந்தார்கள். சேலைக்கடை ஊழியர்கள் வந்தார்கள். மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற ஒருவன் வண்டியை நடு வீதியில் விட்டுவிட்டு ஓடி வந்து, கழற்றிய ஹெல்மெட்டால் என் வாயில் ஓங்கி அடித்தான். இரண்டு பல் போனது. நான் விழுந்ததும் உதைத்தார்கள். விலாவில், இடுப்பில், தலையில். யாரோ என் கைவிரல்களை மிதித்தார்கள். அந்தக் கைதானே அடித்தது.

மெலனி எழும்பி வந்து எனக்கு மேலே விழுந்தாள். அவளுக்கும் ஒரு உதை விழுந்தது. அவள் நோர்வேஜிய மொழியில் கத்தினாள். பிறகு ஆங்கிலத்தில் கத்தினாள். அந்த இரைச்சலில் எதுவும் எடுபடவில்லை. அவள் அப்பா என்று கூப்பிட்டதில் அடித்தவன் தகப்பன் என்று தெரிந்ததும், இன்னும் கூட அடிக்க வேண்டும் என்றானாம் ஒருவன். அப்போதுதான் அவளுக்கு அந்தச் சொல் வந்தது.

"சீனி" என்று கத்தினாள். "அவருக்குச் சீனி. சீனி தாங்கோ."

தமிழிலும் சிங்களத்திலும் அது ஒரே சொல். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. கால்கள் நின்றன. தேநீர்க் கடையிலிருந்து ஒரு பெண் சீனிப் பேணியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஹெல்மெட்காரன் முழந்தாளில் இருந்து, என் தலையைத் தன் மடியில் சரித்து வைத்து, அவன் உடைத்த பற்களுக்குப் பக்கத்தில், கன்னத்துக்குள் சீனியைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

எனக்கு நினைவு திரும்பியபோது வாய் நிறைய இரத்தமும் சீனியும். முதலில் பார்த்தது மெலனியின் முகத்தை. ஒரு கண் மூடி வீங்கியிருந்தது.

"ஆர் உனக்கு அடிச்சது?" என்று கேட்டேன்.

 

5

ஆஸ்பத்திரியில் விலாவுக்குக் கட்டுப் போட்டார்கள், உதட்டைத் தைத்தார்கள். அடிபட்டு வந்த கேஸ் என்றால் பொலிஸில் பதிய வேண்டும். ஒரு பெண் சார்ஜன்ட் வந்தார். தமிழ் தெரிந்தவர் லீவு என்றார். ரெஜினா நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். நான் கொழும்பை விட்டுப் போனது இருபத்துநாலு வயதில். ஒரு காலத்தில் சந்தையில் பேரம் பேசிய என் சிங்களம் இப்போது வாய்க்கு வரவில்லை. உங்களை அடித்தவர்கள் மேல் முறைப்பாடு செய்கிறீர்களா என்று அவர் கேட்டார். "நெய்" என்றேன். நோர்வேஜிய மொழியில் இல்லை என்று அர்த்தம். அவருக்கு அது சிங்களத்து "நே" என்று கேட்டது. அதற்கும் அர்த்தம் இல்லை என்பதுதான். எழுதிக்கொண்டார்.

பிறகு மெலனியின் பக்கம் திரும்பினார். தகப்பன் இல்லாத இடத்தில் கதைப்போமா என்று முதலில் கேட்டார். வேண்டாம் என்றாள். தகப்பன் வீட்டிலும் அடிக்கிறவரா, பயப்படாமல் சொல்லலாம் என்றார். அவர் கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஒழுங்கைக்கு அப்படி ஒருவர் வந்ததே இல்லை.

"ஒருநாளும் இல்லை" என்றாள்.

"இன்றைக்கு?"

மெலனி கொஞ்ச நேரம் சொல் தேடினாள். பிறகு தமிழிலேயே சொன்னாள். "அடிச்சவர். ஆனா அவர் அங்க இருக்கேல்ல."

ரெஜினா அதைச் சிங்களத்தில் சொல்ல இரண்டு தடவை முயன்றாள். சார்ஜன்ட் பேனையைத் தூக்கியபடி இருந்தார். கடைசியில் என்ன எழுதினார் என்று தெரியாது. எங்களுக்கு வாசிக்கத் தெரியாத அந்தத் தாளில் நானும் மகளும் கையெழுத்து வைத்தோம்.

கட்டிலில் கிடந்தபோது பழைய கூட்டம் ஒன்று நினைவுக்கு வந்தது. எனக்குப் பதின்மூன்று வயதில் கொட்டாஞ்சேனையில் கண்டது. வாளிக்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்டு, சொல்கிற விதத்தில் தமிழரைக் கண்டுபிடித்து அடித்த கூட்டம். கூட்டம் என்றால் எனக்கு அதுதான். வெளிநாட்டில் காற்பந்து ரசிகர்கள் கூட்டமாகப் பேருந்தில் ஏறினாலும் என் கை ஸ்டியறிங்கில் இறுகும். ஆனால் வெள்ளவத்தையில் என்னை அடித்தவர்களில் தமிழரும் இருந்தார்கள், சிங்களவரும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். யாரும் என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளைக்காக அடித்தார்கள். அவர்களை வெறுக்க நான் எவ்வளவோ முயன்றேன்.

6

இரண்டு நாள் கழித்து ஹெல்மெட்காரன் வந்தான். பெயர் ரமேஷ். இடம் கிராண்ட்பாஸ். முப்பது வயதிருக்கும். கையில் ஒரு பை அப்பிள். ரெஜினா கதவைப் பாதிதான் திறந்தாள். நான்தான் உள்ளே விடச் சொன்னேன்.

கதிரை நுனியில் இருந்தான். என் உதட்டுத் தையலைப் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தான்.

"வருத்தம் எண்டு தெரிஞ்சிருந்தா கை வச்சிருக்க மாட்டன் அண்ணன்" என்றான். "அதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்க. ஆனா அடிச்சதுக்கு மன்னிப்புக் கேக்க ஏலாது."

"ஏன் ஏலாது?" என்றாள் ரெஜினா, கோபமாக.

"எங்கட அக்காவ அவட மனுசன் றோட்டில வச்சு அடிச்சவன். பஸ் ஸ்டாண்டுல. அவ்வளவு சனம் நிண்டிச்சு. குடும்பப் பிரச்சினை எண்டு பாத்துக்கொண்டு நிண்டவங்க. அக்காக்கு இப்ப ஒரு காது கேக்காது. நான் அண்டைக்கு அங்க இல்ல." அப்பிள் பையை மேசையில் வைத்தான். "நாளைக்கும் ஒருத்தன் அப்படி இழுத்தா நான் அடிப்பன் அண்ணன். பொய் சொல்ல விருப்பமில்ல."

மெலனி கறுத்த கண்ணோடு அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வந்து அவனுக்குத் தேநீர் வைத்தாள். சீனி எவ்வளவு என்று கேட்டாள். ரெஜினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா, அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அவன் போனபின் ரெஜினா என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அண்ணா, இந்தப் பெடியன் மாதிரி ஒருத்தன் எங்கட பக்கத்து வீட்டில இருந்திருந்தா?"

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பப்பாவின் வாயில் விழ வேண்டிய ஒரு அடி இத்தனை வருடம் பிந்தி, அவருடைய ஆண்டு நாளிலேயே, அவருடைய மகனின் வாயில் விழுந்திருக்கிறது. அது நியாயமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் ஒருநாளாவது ஒழுங்கையில் வாய் உடைந்து கிடந்திருந்தால் அம்மாவின் பல் மிஞ்சியிருக்கும் என்பது மட்டும் தெரியும்.

7

நோர்வேக்குத் திரும்பியதும் வருடாந்தப் பரிசோதனை வந்தது. வைத்தியர் என் பச்சைப் பதிவுகளைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார். பற்கள் கட்டியாகிவிட்டது. உதட்டுத் தழும்பை மீசை மறைத்தது. கொழும்பில் நடந்தது கொழும்போடு என்று சாந்தி விமான நிலையத்திலேயே சொல்லியிருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது, வீட்டுக்கடன் இரண்டு பேருடைய சம்பளத்தில்தான் ஓடுகிறது.

ஆனால் பேருந்தில் எனக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருப்பார்கள். "நடந்தது" என்றேன். "என் மகளை அடித்தேன். எனக்குத் தெரியாமலே அடித்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். அனுமதிப்பத்திரம் போனது. கம்பெனி என்னை வெளியே அனுப்பவில்லை, கழுவும் கொட்டகையில் போட்டது. நான் ஓட்டிய அதே பேருந்துகளை இப்போது தேய்க்கிறேன். சாந்தி ஒரு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. பிறகு கதைத்தாள். செயலியை இன்னும் வைத்திருக்கிறேன். ஊசி போட்டால் போட்டதற்குச் சாப்பிடுகிறேன், என்ன நிறம் வந்தாலும்.

மெலனி இப்போது வேறு நகரத்தில் படிக்கிறாள். மாதம் ஒருமுறை வருவாள். போன ஞாயிறு வந்திருந்தாள். நான் பிட்டு அவித்தேன். அவள் பக்கத்தில் நின்று தேங்காய்ப்பூவை உதிர்த்துக்கொண்டு ஏதோ பகிடி சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே மேல் தட்டில் இருந்த கோப்பையை எடுக்கக் கையைத் தூக்கினேன். அவள் தலை குனிந்தது. முழங்கை முகத்துக்கு முன்னால் வந்தது.

ஒரு கணம்தான். பிறகு கையை இறக்கினாள்.

"ஸொரி அப்பா" என்றாள்.

அம்மாவும் அப்படித்தான். வாயில் இரத்தத்தோடு பப்பாவிடம் அம்மாதான் மன்னிப்புக் கேட்பா.

என் கை இன்னும் மேலேயே நின்றது. அதை மெல்ல, அவள் பார்க்கும்படி, இறக்கினேன். "மெலனி, கோப்பை எடுக்கப் போறன்" என்றேன்.

"எடுங்க அப்பா."

எடுத்தேன். சிரித்தாள். பகிடியின் மிச்சத்தைச் சொன்னாள். சொல்லி முடிக்கும் வரை அவளுடைய கண் என் கையிலேயே இருந்தது.